துக்கம் கேட்க வந்தவள்

பங்களாவின் சலவைக் கொட்டகைக்குப் பின்னால் வெள்ளை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த பூரணத்துக்கு, அறுபதை நெருங்கிய வயதில், தீட்டு நின்று எத்தனையோ வருஷம் கழிந்த பிறகு, புருஷன் சுப்பையாவைப் புதைத்த இடத்தில் புல் முளைத்து அந்தப் புல்லையும் மாடு மேய்ந்துவிட்டுப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரில் பால் சுரந்தது. ஈரத்துணி பட்டுத்தான் ரவிக்கை நனைந்தது என்று முதலில் நினைத்தாள். முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நனைந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கூடையில் மிச்சமிருந்த விரிப்புகளையும் சுருக்கமில்லாமல் உலர்த்தி, கிளிப்புகளை மாட்டி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த தெய்வானையைக் கூப்பிட்டு, "அடியே, எனக்குப் பால் வருதுடி" என்றாள், மழை வருகிறது என்று சொல்வது போல.

தெய்வானை அடுப்பில் ரொட்டி போட்டிருந்தாள். "இரு, கருகிரும்" என்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வந்து பார்த்தாள்.

எங்கள் தோட்டம் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. உச்சிப் பாறையில் பதிந்திருக்கும் பாதம் புத்தருடையது என்று சிங்களச் சனம் கும்பிடுகிறது. சிவனுடையது என்று நாங்கள் கும்பிடுகிறோம். ஆதி மனுஷனுடையது என்று சொல்கிறவர்களும் ஏறி இறங்குகிறார்கள். மலை இதுவரை யாரையும் திருத்தியதில்லை. அதன் முகத்தைப் பார்த்தபடி வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவையும் அதைச் சுற்றிய தேயிலையையும், தொழிற்சாலை மூடிய பிறகு கொழும்புக் கம்பெனி ஒன்று வாங்கி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி உடம்பையும் மனசையும் சரிசெய்துகொண்டு போகும் இடமாக மாற்றியது. வாசல் பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை. எங்களுக்கு அது அன்றும் இன்றும் பங்களாதான். அங்கே வருகிறவர்களுக்கு நோய் என்று பெரிதாக எதுவும் கிடையாது, தூக்கம்தான் கிடையாது. சிவப்பரிசிக் கஞ்சியும் வல்லாரைச் சாறும் குடிப்பார்கள், நெற்றியில் எண்ணெய் ஒழுகவிட்டுப் படுத்திருப்பார்கள், பேசாமல் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கீழே இருக்கும் பணிய லயத்தில் பாதிப்பேர் தேயிலையை விட்டுவிட்டு அவர்களுக்குச் சமைக்கவும் துவைக்கவும் புல் வெட்டவும் போனோம்.

ஆகவே பூரணத்தின் பால் முதலில் எங்கள் லயத்துக்கும், பிறகு கோயிலுக்கும், பிறகு பங்களாவுக்கும் உரியதாக ஆனது. தோட்டத்து மருத்துவச்சி கனகாம்பிகை அழுத்திப் பார்த்து, "புள்ள பெத்தவ பாலுதான், சந்தேகமே இல்ல" என்றாள். டிஸ்பென்சர் ஐயா ஏதோ ஒரு சுரப்பியின் பெயரைச் சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்; அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, அடுத்த மாதம் வா என்றார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு செம்பு கேட்டார், கொடுத்தாள். பாலத்தருகே இருக்கும் சின்ன விகாரையின் பிக்கு, அவளை வழியில் கண்டு, "வலிக்கிறதா?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். வேறு ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கொஞ்ச நாளிலேயே அது வழக்கமாகிவிட்டது. இராசாத்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து ஒன்றுக்குத்தான் பால் போதுமாயிருந்தது, மற்றது அழுதே லயத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பூரணத்தின் மடியில் போட்டார்கள், அது குடித்துவிட்டு ஏப்பம் விட்டுத் தூங்கியது. அடுத்த லயத்திலிருந்து தாய்மார்கள் வந்தார்கள். கண் நோவுக்கு ஒரு சொட்டு, காது குத்தலுக்கு ஒரு சொட்டு என்று கேட்டு வந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் பூரணம் நாலு வாசலில் நின்று நின்றுதான் போகவேண்டியிருந்தது. சலவைக் கொட்டகையில் என்ன செய்தும் விரிப்புகளில் பால் வாசனை ஏறிவிட்டது. அந்த விரிப்புகளில் படுத்த விருந்தாளிகள், பல வருஷம் மாத்திரை போட்டும் கண் மூடாதவர்கள், கஞ்சி வேளையையும் தாண்டித் தூங்கினார்கள். மேனேஜர் ருவன் மாத்தயா சலவைக் கொட்டகைக்கு வந்து விரிப்பை முகர்ந்து பார்த்து, "என்ன சோப்பு போடுறீங்க?" என்று கேட்டார். "மாத்தயா வாங்கித் தர்றதுதான்" என்றாள் பூரணம். அவர் அந்த சோப்பில் இன்னும் மூன்று பெட்டி வரவழைத்தார்.

எப்படி வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை என்று சொல்வார்கள். உண்மை அதுவல்ல. எங்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் கேட்கவில்லை.

கலவர வருஷத்தில், கடைத்தெருவெல்லாம் எரிந்து முடிந்த பிறகு, வடக்கே போனால் காணி கிடைக்கும் என்று லாரி ஏறிப் போனவர்களில் மருதமுத்து என்ற பையனும் இருந்தான். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பூரணத்திடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் வரவில்லை. அவன் வைத்துவிட்டுப் போன பிள்ளை மட்டும் வந்தது, பெண்ணாக, முடி நிறைய. அந்தக் காலத்தில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நோனா வேனில் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தாள். பிள்ளையை நல்ல குடும்பத்துக்குக் கொடுப்பதாகவும், சீமையில் படிக்க வைப்பார்கள் என்றும், வருஷா வருஷம் படம் அனுப்புவார்கள் என்றும் சொன்னாள். பூரணத்தின் அப்பன் பால்மா டின்னையும் ஒரு சேலையையும் வாங்கிக்கொண்டான். கழுத்து நிற்காத பிள்ளையை நோனா ஒரு டவலில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பால் வற்றுவதற்குக் கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையை மாரில் வைத்துக் கட்டிக்கொண்டு பூரணம் கொழுந்தெடுக்கப் போனாள். படம் எதுவும் வரவில்லை. பிறகு சுப்பையாவைக் கட்டினாள், நல்ல மனுஷன், பிள்ளையில்லை.

அந்த வேனில் பிள்ளை ஏற்றியவள் பூரணம் மட்டுமல்ல. தெய்வானை இரண்டு ஏற்றினாள். மேல் லயத்திலும் உண்டு. அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை. அந்த வீடுகளைத் தாண்டும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

பால் எதற்காக வந்தது என்பதைக் கண்டுபிடித்தது அல்போன்ஸ். துபாயில் டிரைவராக இருந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டு திரும்பி, பங்களாவில் வேன் ஓட்டுகிறவன். நாற்பது தாண்டிய, அதிகம் பேசாத ஆள். ஹாலந்திலிருந்து வந்து தங்கியிருந்த லீஸ்பெத் என்ற பெண்ணை அவன் அருவிக்குக் கூட்டிப்போன நாளில் பூரணத்தின் மார் வற்றிக் கிடந்தது. இராசாத்தியின் பிள்ளை கத்தியது. அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வேன் பாலத்தைத் தாண்டிய நேரத்தில், கொடியருகே நின்ற பூரணத்துக்கு ரவிக்கை நனைந்தது. இன்னொரு நாள் சந்தைக்குக் கூட்டிப்போனான்; அப்போதும் அப்படியே. முதன்முதல் பால் வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் அவளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து இறக்கினான் என்பதும் நினைவுக்கு வந்தது. மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்த பெண்களிடம், தலையைக் குனிந்துகொண்டே, "அந்த நோனா வெள்ளக்காரி இல்ல. நம்ம நெறந்தான்" என்றான்.

அடுத்த நாளே பங்களாவில் வேலை செய்த எல்லாப் பெண்களுக்கும் லீஸ்பெத் தங்கியிருந்த அறைப்பக்கம் ஏதோ ஒரு வேலை முளைத்தது. பெருக்கிய இடத்தையே பெருக்கினோம். எங்களைப் போலவே கறுப்பு, நெற்றியோரம் நரை, தலையில் சுமை ஏற்றியே பழகாத கழுத்து, அதனால் ஒரு மாதிரி மிதந்து போகிற நடை. யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்தாள். மருதமுத்துவைப் பார்த்திருந்த கிழங்கள் அதைக் கண்டதும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டன.

பூரணம் மட்டும் போகவில்லை. விரிப்பு மாற்றும் வண்டியைக்கூட அந்த வராந்தாப் பக்கம் வேறொருத்தியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

சாயந்தரம் தெய்வானை அவள் வாசலில் வந்து நின்றாள்.

"போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்டி?"

"என்னத்தச் சொல்லி நிக்கிறது? பால்மா டின்னுக்குக் குடுத்தேன்னா?"

"ஒனக்கு வந்திருக்குடி! நானும் ரெண்டு குடுத்தேன். ஒண்ணு ஆம்பளப் புள்ள. எத்தன வெளிநாட்டுக்காரன் இந்தப் பங்களாவுக்கு வந்து போறான், ஒவ்வொருத்தன் வரும்போதும் நெஞ்சத் தொட்டுப் பாக்குறேன்." தெய்வானை தன் ரவிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். "காஞ்சு கெடக்கு. எனக்கு ஏன்டி வரல? நான் அழலியா? ஒன்ன விடக் கொறைச்சலாவா அழுதேன்?"

 பூரணம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். 

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்த அறையில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாங்கள் எல்லோரும் கூடினோம். சொல்லத்தான் வேண்டும் என்றது ஒரு பக்கம்; சொன்னால் காசுக்கு வந்தார்கள் என்று நினைப்பாள் என்றது இன்னொரு பக்கம்; பூசாரி நாள் பார்க்கவேண்டும் என்றார். கடைசியில் கனகாம்பிகைதான் முடித்து வைத்தாள். "பாலு அது பாட்டுக்கு வந்து சொல்லிருச்சு. மனுசன் வாய மூடிக்கிட்டு இருந்தா எப்படி?"

அல்போன்ஸ் பேசுவது என்றும் பூரணம் கூட நிற்பது என்றும் முடிவாயிற்று. அன்று மத்தியானம் அவளைப் பெண்ணழைப்புக்குக் கூட்டிப்போவது போலத் தயார் செய்தோம். இராசாத்தி தலை வாரிவிட்டாள். மாரில் துணியை நாலு மடிப்பு மடித்து வைத்துக் கட்டினோம். தெய்வானை தன் ஊதாச் சேலையைக் கொண்டுவந்தாள். காதில் கிடந்த தோட்டையும் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லீஸ்பெத் வராந்தாவில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டாள், பூரணம் உட்காரவில்லை. எப்படித் தொடங்குவது என்று அல்போன்ஸுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊருக்கு நோனா எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுவைத்தான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். வாக்கியம் வாக்கியமாக அல்போன்ஸ் அதைத் தமிழில் பூரணத்துக்குச் சொன்னான்.

"அவங்க அம்மா செத்துட்டாங்களாம்."

பூரணம் தலையாட்டினாள்.

"ஹாலந்துல வளத்த அம்மா இல்லையாம். பெத்த அம்மா. இந்த நாட்டு அம்மா."

பூரணத்தின் கை தூணைத் தேடிப் பிடித்தது.

சின்ன வயதிலிருந்தே லீஸ்பெத் தன்னைப் பெற்றவளைத் தேடியிருக்கிறாள். வளர்ந்து, சம்பாதித்து, ஆள் வைத்து விசாரித்து, கடைசியில் தெற்கே கடற்கரையோரத்தில் குசுமாவதி என்ற பெண்ணைக் கண்டுபிடித்திருக்கிறாள். வேனில் பிள்ளை ஏற்றிய அந்த நோனாமார், கோர்ட்டில் காட்டுவதற்கென்று தாயாக நிற்கக் கூலிக்குப் பெண்களைக் கூட்டிப்போவார்கள் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம், அல்போன்ஸும் கேள்விப்பட்டிருந்தான், கேட்டிராதவள் லீஸ்பெத் மட்டும்தான். குசுமாவதி அவளைக் கண்டவுடன் கட்டிப்பிடித்து அழுதாளாம். உன் காது என் அம்மாவின் காது என்றாளாம். அதன் பிறகு வருஷந்தோறும் லீஸ்பெத் வந்தாள், சிங்களம் படித்தாள், கடலோர வீட்டுக்கு ஓடு போட்டுக் கொடுத்தாள், அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கிடந்தாள். மூன்று மாதத்துக்கு முன் குசுமாவதி செத்துப்போனாள். செத்தவர் பேரில் பிக்குகளுக்கு அன்னம் கொடுக்கும் மூன்றாம் மாதத் தானத்துக்காக வந்தவள், அம்மா ஆசைப்பட்டும் ஏற முடியாமல் போன மலையில் அம்மாவுக்காக ஏறவேண்டும் என்று இங்கே வந்திருக்கிறாள். மனசு இன்னும் ஏறுகிற மாதிரி இல்லை, அதனால் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"வாழ்க்கையில எல்லாத்துலயும் சந்தேகப்பட்டாங்களாம். அந்தம்மாவ மட்டும் சந்தேகப்படத் தேவையில்லாம இருந்துச்சாம்" என்று சொன்ன அல்போன்ஸ், அத்தோடு நின்றுவிட்டான். பூரணத்தின் பக்கம் திரும்பினான். அவன் முகம் வியர்த்திருந்தது. "அக்கா, இப்ப நான் என்ன சொல்ல?"

ஊதாச் சேலையின் மேல் ஈரம் படரத் தொடங்கியிருந்தது. பூரணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"துணி தொவைக்கிறவன்னு சொல்லு. தாய் செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டு, துக்கம் கேக்க வந்திருக்கான்னு சொல்லு."

"அக்கா..."

"சொல்லு அல்போன்சு."

அவன் சொன்னான். லீஸ்பெத் எழுந்து வந்து பூரணத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நன்றி சொன்னாள். வயதான பெண்களை மரியாதையாகக் கூப்பிட குசுமாவதி சொல்லிக் கொடுத்திருந்தபடி, "அம்மே" என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

வேலியோரம் நின்ற நாங்கள், கையைப் பிடித்ததைப் பார்த்து, சொல்லியாயிற்று என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டோம். லயத்துக்கு வந்துதான் நடந்தது தெரிந்தது. தெய்வானை தோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் கத்தினாள்: "பொய்க்காரிகிட்ட ஏன்டி விட்டுட்டு வந்த?"

"தாயப் பொதச்சிட்டு வந்து நிக்கிற புள்ளகிட்ட, அது ஒன் தாயே இல்லன்னு சொல்லச் சொல்றியா? இத்தன வருசம் மடியில கெடந்தது பொய்யின்னு சொல்லவா?" என்றாள் பூரணம்.

மலைக்குத் துணையாக அந்த அம்மா வருவாரா என்று மறுநாள் லீஸ்பெத் கேட்டனுப்பினாள். பூரணம் பிறந்ததிலிருந்து அந்த மலையின் நிழலில் இருந்தாலும் ஒரு தடவையும் ஏறியதில்லை. கொழுந்தெடுக்க ஏறுகிற மலை போதாதா என்பாள். இப்போது போகிறேன் என்றாள். ருவன் மாத்தயா சந்தோஷமாக லீவு கொடுத்தார்.

விடிந்து வெயில் வந்த பிறகு புறப்பட்டார்கள். லீஸ்பெத் முன்னால், பூரணம் பின்னால், தண்ணீர் போத்தல்களோடு அல்போன்ஸ் கடைசியில். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களும், தடியூன்றிக் கிழங்களும், பள்ளிக்கூடத்துப் பெண்களும், வெள்ளை உடுத்திய குடும்பங்களும், இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களை வாழ்த்த ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களை வாழ்த்த, படி படியாக, மூச்சு மூச்சாக, தேயிலையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, அட்டை கடிக்கும் ஈரப் பாறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். செங்குத்தான இடங்களில் லீஸ்பெத் திரும்பிக் கை நீட்டினாள். "ஹெமின் ஹெமின், அம்மே" என்றாள், மெதுவாக, மெதுவாக என்று. பூரணத்துக்கு அவளைவிட நன்றாக ஏறத் தெரியும். ஆயினும் ஒவ்வொரு முறையும் கையைக் கொடுத்தாள். தேவையில்லாத இடத்திலும் கொடுத்தாள் என்று அல்போன்ஸ் பிறகு சொன்னான்.

உச்சியில் காற்று விளக்கை நிற்கவிடவில்லை. லீஸ்பெத் தன் உடம்பால் மறைத்து ஒரு விளக்கேற்றி, குசுமாவதியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். இந்த அம்மாவுக்கும் பெயர் சொல்லி ஏற்ற யாராவது உண்டா என்று பூரணத்திடம் கேட்கச் சொன்னாள். பூரணம் ஒரு விளக்கை வாங்கி, அதே திரியிலிருந்து கொளுத்தி, "குசுமாவதி" என்றாள். லீஸ்பெத் அழுதாள்.

"அக்கா, அவ ஏமாத்துக்காரி" என்றான் அல்போன்ஸ் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும். நான் குடுத்துட்டேன். அவ வச்சிருந்தா."

முதல் தடவை ஏறியவர்கள் உச்சியிலுள்ள மணியை ஒரு தரம் அடிக்கவேண்டும். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. லீஸ்பெத் ஒரு தரம் அடித்தாள், பூரணம் ஒரு தரம் அடித்தாள். கீழே நாங்கள் கேட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை.

இறங்கும்போது லீஸ்பெத்தின் முட்டி விட்டுவிட்டது. வழியோரத் தேநீர்க் கடை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, பூரணம் கீழே குந்தி அவள் கெண்டைக்காலை உருவிவிட்டாள், பாதத்தைப் பிடித்துவிட்டாள், விரல் விரலாக நெட்டி எடுத்தாள். பிறகு மேலே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, பங்களாவில் பால் வாசனை வீசிய விரிப்பிலும் சரியாகத் தூங்காத அந்த ஒருத்தி, அவள் தோளில் சாய்ந்து, சாய்ந்தபடி சரிந்து, நெஞ்சில் முகம் பதித்துத் தூங்கிப்போனாள். கடைக்காரன் ரேடியோவை அணைத்தான். ஏறி வந்த கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போனது. பால், மடித்து வைத்த துணியைத் தாண்டி, சேலையைத் தாண்டி, லீஸ்பெத்தின் கன்னத்தை நனைத்து, கழுத்து வழியாக இறங்கியது. பூரணம் அசையவேயில்லை.

எழுந்தவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, மழையா என்றாள். பிறகு, தூக்கத்தில் ஒரு வாசனை வந்தது, எங்கேயோ தெரிந்த வாசனை, அது என்ன என்று கேட்டாள். அல்போன்ஸ் அதைப் பூரணத்திடம் சொன்னான். சொல்லிவிட்டு, "அக்கா, இப்பவாவது" என்றான்.

பூரணம் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"சோப்பு வாசம்னு சொல்லு."

இரண்டு நாள் கழித்து லீஸ்பெத் புறப்பட்டாள். வாசலில் வரிசையாக நின்ற வேலைக்காரர்களைக் கும்பிட்டுக்கொண்டே வந்தவள், பூரணத்தின் முன்னால் வந்ததும், சிங்களப் பிள்ளைகள் வீட்டை விட்டுப் புறப்படும்போது தாயைக் கும்பிடுவது போல, மண்டியிட்டு நெற்றியை அவள் காலில் வைத்தாள். குசுமாவதி பழக்கிய பழக்கம். ருவன் மாத்தயா நெகிழ்ந்துபோய்க் கை தட்டினார். பூரணம் நரையோடிய அந்தத் தலையில் கையை வைத்து, "நல்லா இரு" என்றாள். அவள் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வேன் பாலத்தைத் தாண்டியது. பால் நின்றது. இராசாத்தியின் பிள்ளைக்கு அன்றிலிருந்து மாவுப்பால்.

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அல்போன்ஸ், வேனைக்கூடக் கழுவாமல் நேராகப் பூரணத்தின் காம்பராவுக்கு வந்தான். நாங்களும் வாசலில் கூடினோம்.

"போற வழியில ஒரு வார்த்த சொன்னாங்க அக்கா. அம்மா போயிட்டாங்க, இந்த நாட்டுல இனி எனக்கு யாருமில்ல, இனி நான் வரமாட்டேன்னு சொன்னாங்க." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "வேனத் திருப்பிரலாமான்னு ரெண்டு தடவ ஓரங்கட்டினேன்."

பூரணம் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளுவதை நிறுத்தாமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏன் திருப்பல?"

"நீங்கதான அக்கா சொல்லக்கூடாதுன்னீங்க."

"ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றாள். "நாந்தான் சொன்னேன்." விறகு முழுவதும் அடுப்புக்குள் போன பிறகும் அவள் கை தள்ளிக்கொண்டே இருந்தது. கனகாம்பிகை போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு பங்களா வாசலில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. புது விருந்தாளிகள் வரும் நாளில் தெய்வானை போய் நின்றாள். மேல் லயத்திலிருந்து இன்னும் சில பெண்கள், இத்தனை வருஷமாக யாரிடமும் எதுவும் சொல்லாதவர்கள், தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்கள். ருவன் மாத்தயா அதை எங்கள் வரவேற்பு முறை என்று நினைத்துக்கொண்டார். ஆளுக்கொரு தட்டும் நிறையச் செவ்வந்திப் பூவும் கொடுத்தார். படம் எடுத்துப் போட்டார். மலையடிவாரத்துத் தாய்மார் உங்களை வரவேற்கிறார்கள் என்று அதன் கீழே எழுதியும் போட்டார். வேனிலிருந்து இறங்குகிறவர்கள் பூவைப் பார்க்கிறார்கள். தட்டைப் பிடித்திருப்பவர்கள் அவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், பிறகு குனிந்து தங்கள் ரவிக்கையைப் பார்க்கிறார்கள்.

பூரணமும் போய் நிற்கிறாள். தட்டு வாங்கிக்கொள்வதில்லை. சலவைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெய்வானைக்குப் பக்கத்தில் நிற்பாள்.

"ஒன்னுதுதான் வந்துட்டுப் போயிருச்சே. ஒனக்கெதுக்குடி இங்க வேல?" என்று ஒருநாள் தெய்வானை எரிச்சலோடு கேட்டாள்.

வேன் திரும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒன்னுது வந்தா நீ வாயத் தொறக்கணும்" என்றாள் பூரணம். "நீ தொறக்கலன்னா நான் தொறப்பேன். அதுக்குத்தான் நிக்கிறேன்."